ஐயாயிரத்தில் ஒன்று

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியவே மழை பிடித்துக்கொண்டது. கடையைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்தபடி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன், போன் அடுத்தடுத்து கிணுகிணுத்தது. கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் 17 படங்கள் அனுப்பியிருந்தான். எல்லாவற்றிலும் ஒரே துப்பாக்கி, அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பூப்போட்ட துவாய் ஒன்றின்மேல், குளிப்பாட்டிக் கிடத்திய பிள்ளை மாதிரி. கீழே ஒரு வரி: "அண்ணே, லிமிட்டெட் எடிஷன். 500தான் செஞ்சிருக்காங்க. வித்தா எவ்வளவு போகும்?"

எனக்கு இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் பழைய சாமான் கடை. அப்பா தொடங்கியது. தோட்டத்துப் பங்களாக்களில் இருந்து ஏலத்தில் வரும் சுவர்க்கடிகாரம், கிராமபோன், பித்தளை விளக்கு, கால் ஒடிந்த சாய்மனைக் கதிரை, இப்படி. துப்பாக்கி விற்பதில்லை, அதற்கு வேறு லைசன்ஸ் வேண்டும், அந்தத் தலைவலியும் வேண்டாம். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி என்ற பேச்சு வந்தால் என்னிடம்தான் வருவார்கள், ஏனென்றால் பெரியப்பாவின் துப்பாக்கிக்கு விலை தேடி இரண்டு வருஷம் அலைந்தவன் நான். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தம்பியின் துப்பாக்கியைப் பார்த்தவுடனே அடையாளம் தெரிந்தது. பிரவுனிங் ஆட்டோ-5, சுட்டதும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி. ரிசீவரின் பின்பக்கம், அதாவது தோட்டாவைத் தள்ளி, பூட்டி, வெடித்த கோதை வெளியே எறியும் அந்த இரும்புப் பகுதியின் முடிவு, சரிந்து இறங்காமல் சதுரமாக நிமிர்ந்து நிற்கும். கூன் முதுகு என்று கிண்டல் செய்வார்கள். ஜோன் மோசஸ் பிரவுனிங் 1900இல் காப்புரிமை எடுத்த வடிவம் இது. வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பனியிடம் கொண்டுபோனார், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு கேட்டார், அவர்கள் முடியாது என்றார்கள். ரெமிங்டன் கம்பனித் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தபோது அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார், அது 1902. கடைசியில் பெல்ஜியத்து எப்.என். தொழிற்சாலைதான் செய்தது, 70களின் நடுவில் வேலை ஜப்பானின் மிரோகுவுக்குப் போனது, 1998 வரை ஓடியது. மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். இதை முதலில் தம்பிக்குச் சொன்னேன், ஏனென்றால் அவன் அபூர்வம் என்று நினைத்துக்கொண்டிருந்த சாமானின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று தெரியவேண்டும்.

அவன் சொன்னான், "அது சாதாரணம்ண்ணே, இது கிளாசிக்."

சரி. 1984இல் இரண்டு தனிப் பதிப்புகள் வந்தன. ஒன்று கிளாசிக், சாம்பல் நிற ரிசீவரில் வேட்டைக் காட்சிகள் செதுக்கியது, 5,000. மற்றது கோல்ட் கிளாசிக், அதே செதுக்கலில் தங்கம் பதித்தது, அதுதான் 500. நான் 17 படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

"டேய், தங்கம் எங்கடா?"

"எந்தத் தங்கம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அவரு 500ன்னுதானே சொன்னாரு" என்றான். அவர் என்பது அவனுடைய பழைய முதலாளி, லொறிக் கம்பனியை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோனவர். போகும்போது இவனுக்கு 1,800 கனடா டொலருக்குக் கொடுத்திருக்கிறார். ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். 30, 40 வருஷம் அலுமாரிக்குள் இருக்கும் சாமானின் கதை, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சைபரை உதிர்த்துக்கொண்டே வரும். என் கடையில் தினம் கேட்பது இது. எந்தக் கதிரையைக் கொண்டுவந்தாலும் அதில் ஒரு கவர்னர் உட்கார்ந்திருப்பார்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. 500 என்றாலும் 5,000 என்றாலும், "மட்டும்" என்று போட்டு விற்ற சாமானில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. 1953இல் எலிசபெத் மகாராணி முடிசூடினார், அடுத்த வருஷம் இங்கே வந்தும் போனார். அந்தப் படம் போட்ட கோப்பையும் பிஸ்கட் டின்னும் பங்களாவில் இருந்து லயம் வரைக்கும் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கும் மாதத்துக்கு ஒருவராவது துணியில் சுற்றிக்கொண்டு வந்து, ராணிக் கோப்பை என்று மெதுவாகப் பிரிப்பார்கள். என் அலுமாரியின் மேல்தட்டில் ஏற்கெனவே ஒன்பது நிற்கிறது. 1957 புத்த ஜயந்திக்கு வந்த 5 ரூபா வெள்ளிக்காசும் அப்படித்தான், அதில் வெள்ளியாவது இருக்கிறது. பத்திரப்படுத்தவென்றே செய்த சாமானை எல்லோரும் பத்திரப்படுத்திவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். அதேநேரம் காப்பித் தோட்டக் காலத்தில் கூலிக் கணக்குக்குக் கொடுத்த தேய்ந்த டோக்கன் இருக்கிறதே, யாரும் வைத்துக்கொள்ள நினைக்காதது, அதைக் கண்டால் காசு சேர்க்கிறவர்கள் கண்டியில் இருந்து பஸ் ஏறி வருவார்கள்.

துப்பாக்கியிலும் இதே கதை நடந்திருக்கிறது. வின்செஸ்டர் கம்பனி தன் ரைபிள் ஒன்றின் நூற்றாண்டுக்காக 1966இல் ஒரு நினைவுப் பதிப்பு போட்டது, ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று நம்பிய ஆட்கள் எத்தனையோ பேர். ஒவ்வொருவர் கட்டிலுக்கு அடியிலும் அதே பெட்டி. 5,000 என்பது அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஐயாயிரமும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கணக்குப் போடவேண்டும். இவற்றை யாரும் சகதியில் இழுத்துத் தேய்க்கவில்லை, ஆற்றில் போடவில்லை.

அடுத்தது நிலைமை. "ஒரு தடவைகூடச் சுடாதது" என்று முதலாளி சொன்னாராம். பார்க்கலாம் என்று வீடியோவில் வரச் சொன்னேன். முதலில் காலியா என்று பார்க்கச் சொன்னேன், பார்த்தான், இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன், சலித்துக்கொண்டே பார்த்தான். அப்புறம் முன்னால் இருக்கும் மூடியைத் திருகி, கையால் பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றச் சொன்னேன்.

இங்கேதான் ஆட்டோ-5 பொய் சொல்லாது. மற்ற வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் சுடும்போது குழல் நின்ற இடத்தில் நிற்கும். இதில் குழலே முழுசாகப் பின்னால் ஓடி, திரும்ப முன்னால் வரும். குழலுக்குக் கீழே தோட்டா நிற்கும் மேகசின் குழாய், அதைச் சுற்றி ஒரு சுருள் வில், அதன் தலைப்பில் ஒரு வெண்கலப் பிடியும் உருக்கு வளையமும். ஓட்டத்துக்குத் தடை போடுவது அந்தப் பிடிதான், குழாயைக் கவ்விக்கொண்டு உரசும். பலமான தோட்டாவுக்கு வளையத்தை ஒரு விதமாக அடுக்கவேண்டும், இலேசான தோட்டாவுக்கு வேறு விதமாக. பாதிப்பேர் அதைக் கவனிக்காமல் கனத்த தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள், குழல் வேகமாகப் பின்னால் வந்து மோதும், முன்கட்டை பிளக்கும். ஆட்டோ-5இன் தீராத நோய் அது.

"போனைக் கிட்டக் கொண்டுவா. இன்னும். வெளிச்சத்தைக் குழாய்க்கு நேரே பிடி."

மேகசின் குழாயில் கறுப்பு கலைந்து, விரல் நீளத்துக்கு ஒரு பளபளப்பு. வெண்கலம் ஓடிய தடம். இரண்டு மூன்று தரம் கையால் இழுத்துப் பார்த்ததற்கு அவ்வளவு தேயாது. குறைந்தது நாலைந்து பெட்டித் தோட்டாவாவது இது சாப்பிட்டிருக்கிறது. அப்புறம் முன்கட்டையைக் கவிழ்த்து உள்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். உள் விளிம்பில், மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஒரு நெல்மணி நீளம். வெளியே ஒன்றும் தெரியாது. "இது மரத்தோட கோடுண்ணே" என்றான். மரத்தின் ரேகை கட்டையோடு போகும், இது அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நகத்தால் தடவிப் பார் என்றேன். தடவினான். ஒன்றும் சொல்லவில்லை.

சாதாரண ஆட்டோ-5ஆக இருந்தால் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. சுடுவதற்கு வாங்குகிறவன் சுட்ட துப்பாக்கியைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டான். ஆனால் தனிப் பதிப்பை வாங்குகிறவன் சுடுவதற்கு வாங்குவதில்லை, அவனுக்குத் தேவை பெட்டி, பெட்டிக்குள் காகிதங்கள், காகிதத்தில் இருக்கும் எண்ணும் இரும்பில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பது, தொடாத தோல். நூற்றுக்கு நூறு நிலையில் இருந்து 97க்கு இறங்கும்போது சாதாரணத் துப்பாக்கி சில டொலர்தான் இழக்கும், இதுவோ மாடியில் இருந்து விழுகிற மாதிரி விழும். விழுந்து எங்கே நிற்கும் என்றால், அதே வருஷத்து, அதே நிலையில் உள்ள சாதாரண ஆட்டோ-5இன் விலைக்குக் கொஞ்சம் மேலே. செதுக்கலுக்காக ஒரு சின்ன மரியாதை. அவ்வளவுதான்.

சுடுகிறவன் வாங்குவானா என்றால், அங்கேயும் ஒரு கொக்கி. வாத்து வேட்டைக்கு ஈயச் சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுமணிகள், கூடாது என்று அமெரிக்காவில் 1991இல் இருந்தும் கனடாவில் 1999இல் இருந்தும் சட்டம். ஈயத்துக்குப் பதில் பெரும்பாலும் உருக்குச் சன்னம். பெல்ஜியத்தில் செய்த பழைய ஆட்டோ-5 குழல்களில் உருக்குச் சன்னம் போடவேண்டாம் என்று கம்பனியே சொல்கிறது. உன் குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று எழுதி எடுத்து அவர்களிடமே கேள் என்றேன். கேட்டானா தெரியாது. இரண்டு தடவை வாத்து சுடப் போய் இரண்டு தடவையும் குளிர் தாங்காமல் காருக்குள் இருந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன் அவன்.

"நெட்ல ஒருத்தன் 9,000 போட்டிருக்கான்" என்றான் கடைசியாக.

போட்டிருப்பான். என் கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் 75,000 ரூபா என்று சீட்டுத் தொங்கவிட்டபடி ஆறு வருஷமாக ஓடுகிறது. மணி சரியாகக் காட்டும். அது கடிகாரத்தின் விலை இல்லை, என் ஆசை. விற்பனைக்கு வைத்த விலையைப் பார்க்காதே, விற்று முடிந்த விலையைப் பார். ஏலம் முடிந்த பட்டியல்களை எடுத்து, கிளாசிக் என்று இருப்பதை மட்டும் எடுத்து, கோல்ட் கிளாசிக்கைத் தள்ளி, பெட்டியோடு வந்ததையும் பெட்டி இல்லாமல் வந்ததையும் பிரித்து, அப்புறம் ஆக உயர்ந்த ஒன்றையும் ஆகத் தாழ்ந்த ஒன்றையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பார். ஆக உயர்ந்தது பெரும்பாலும் இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றியது. அந்த விலை திரும்ப வராது, வீம்பில் தோற்றவன்தானே அடுத்த ஆள், அவன் இப்போது தெளிந்திருப்பான்.

நான் அவனுக்குச் சொன்ன கணக்கு 1,800 முதல் 2,400 கனடா டொலர், பெட்டி இல்லாமல், பிளவோடு. சுத்தியல் 2,200இல் விழுந்தது என்று வை. ஏலக்காரர் நூற்றுக்கு 15 எடுத்தால் 330 போயிற்று. பொதி, காப்புறுதி, அனுப்பும் கூலி. கையில் வருவது நீ கொடுத்த 1,800க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். இந்தச் சாமானுக்கு ஆசைப்படும் கூட்டம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதிப் பத்திரங்கள் வேண்டும், ஒரு துப்பாக்கிக்காக அந்த ஓட்டம் கட்டாது. கனடாவுக்குள்ளே விற்றால், 2022 மே மாதத்தில் இருந்து, சாதாரண வேட்டைத் துப்பாக்கியாக இருந்தாலும் வாங்குகிறவனுடைய லைசன்ஸ் செல்லுபடியாகுமா என்று அரசாங்கத்திடம் கேட்டு ஒரு எண் வாங்கின பிறகுதான் கைமாற்றலாம். அது பெரிய தொல்லை இல்லை. ஆனால் லைசன்ஸ் இருக்கிறவன்தான் ஏலத்துக்கு முன்னால் நிற்கிறான் என்பதை விலை போடும்போது மறந்துவிடுகிறார்கள். ஒரு துப்பாக்கியின் விலை எத்தனை செய்தார்கள் என்பதில் பாதி, அதைச் சட்டப்படி உன் கையில் இருந்து எத்தனை பேர் வாங்கலாம் என்பதில் மிச்சப் பாதி. இது எனக்கு கனடாவைப் பார்த்துத் தெரிந்ததில்லை.

பெரியப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, அடுத்த வருஷம் துரை சீமைக்குத் திரும்பினார். போகும்போது நாயை ஒருவருக்கும் ரோஜாச் செடிகளை ஒருவருக்கும், இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பெரியப்பாவுக்கும் கொடுத்தார். கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றி லைசன்ஸ் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்து ஆட்கள் துவக்கு என்பார்கள், எங்கள் வீட்டில் அது எப்போதும் "துரையோட துப்பாக்கி"தான், பெரியப்பாவிடம் 40 வருஷம் இருந்த பிறகும்.

12 போர். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை போகிற அளவுக் குழல், அதுதான் அந்த 12. குழல்களின் அடியில், பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரின் கண்ணாடியை வாங்கிவந்து பார்த்தேன், சின்னச் சின்னக் கிரீடங்கள், கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள், ஒரு சாய்சதுரத்துக்குள் 12. பேர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரை. அந்த மூன்று முத்திரையும் சேர்ந்து வருவது 1904க்கும் 1954க்கும் இடையில், என்.பி. என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. தோட்டா அறை இரண்டரை அங்குலம், இன்று கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் இரண்டே முக்கால். இதெல்லாம் தெரிந்தபோது நான் கொஞ்சம் துள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன். சீமையில் பழைய சாமான் வியாபாரம் செய்கிற ஒருவரோடு எனக்குக் கடிதப் போக்குவரத்து உண்டு, அவருக்குப் படம் அனுப்பினேன். பதில் மூன்று வரி. பெயர்பெற்ற லண்டன் கம்பனிகளின் துப்பாக்கி என்றால் ஆயிரக்கணக்கில் பவுண், பேர்மிங்ஹாமில் கடைக்காகச் செய்த பாக்ஸ்லொக் என்ற இப்படியான எளிய வகை என்றால் சில நூறு, இதன் நிலைமைக்கு அதுவும் கஷ்டம்.

நிலைமைக்குக் காரணம் அன்பு. பெரியப்பாவுக்கு அது மினுங்கவேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் சமையலறைத் தேங்காயெண்ணெய் போடுவார், அது பிசினாக இறுகி அடுத்த தீபாவளிக்கு மண்ணெண்ணெயால் கழுவப்படும். கட்டை நிறம் மங்குகிறது என்று சேன்ட்பேப்பர் போட்டு அலுமாரி வார்னிஷ் அடித்தார், கைபிடிக்கும் இடத்தில் செதுக்கியிருந்த வலைக்கோடுகள் போய் வழுவழுவென்று ஆகிவிட்டது. கழுத்தில் விரிசல் விட்டபோது தோட்டத்து ஆசாரியைக் கொண்டு ஒரு பித்தளைத் தகடு அடித்தார், நாலு ஆணி, நேர்த்தியான வேலை, நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தத் தகட்டில் ஒரு மாவிலைகூட வெட்டியிருந்தது. பழைய சாமான்காரனாக அதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும். நான் அடித்துக்கொள்ளவில்லை.

அந்தத் துப்பாக்கி காட்டுப்பன்றியைச் சுட்டதைவிட எங்களைப் பயமுறுத்தியதுதான் அதிகம். 1983 ஜூலையில் லைசன்ஸ் உள்ள தமிழன் என்பதே ஆபத்து என்று பெரியப்பாவே அதைக் கொண்டுபோய் பொலிஸில் வைத்துவிட்டு வந்தார். 88, 89இல் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் வீடு வீடாக வந்து துப்பாக்கி எடுத்தார்கள், அப்போதும் அது பொலிஸில்தான் இருந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழும் துப்பாக்கி லைசன்ஸும் ஒரே கவரில், முடிசூட்டு விழா பிஸ்கட் டின்னுக்குள். இரண்டையும் எப்போதும் ஒன்றாகத்தான் எடுத்துக் காட்டுவார், ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்கிற மாதிரி.

2017இல் அவர் போனார். லைசன்ஸ் ஆளுக்குத்தான், சாமானுக்கு இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டிய காகிதம் அது, ஆள் போனால் காகிதமும் போயிற்று. துப்பாக்கியைப் பொலிஸில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். அண்ணனுக்குக் கொழும்பில் வேலை, அவனுக்கு அது வேண்டாம். அப்போது கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் கேள்விப்பட்டு வந்தார், ஒரு கட்டு லீக்ஸ் கொண்டுவந்தார். உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரே இரவில் ஏர் உழுத மாதிரிப் புரட்டிவிடுகிறதாம். கள்ளத்தனமாகக் கல்கட்டஸ், அதாவது உள்ளூரில் செய்த நாட்டுத் துப்பாக்கி, வைத்துக்கொள்ள பயம். நல்ல விலை சொன்னார், சீமைக்காரர் சொன்னதைவிடப் பல மடங்கு. அவருக்கு முத்திரையும் வேண்டாம், வார்னிஷும் பிரச்சினையில்லை, இரண்டு குழலும் வெடித்தால் போதும்.

ஆனால் அவருக்கு லைசன்ஸ் கிடைக்கவேண்டும். கிராம சேவகர் கடிதம், பொலிஸ் அறிக்கை, காணி உறுதி, விவசாயத்துக்குத் தேவை என்ற சிபாரிசு. ஒரு அலுவலகத்தில் கோப்பு தொலைந்தது, திரும்பக் கொடுத்தோம். அடுத்த தடவை காணியின் பெயர் சரியில்லை என்றார்கள், அது அவருடைய மாமனார் பெயரில் இருந்தது. இரண்டு வருஷம். ஒரு நாள் போன் பண்ணி, "தம்பி, மின்சார வேலி போட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். எனக்கு என்ன கோபம். அவரைத் தவிர மலைநாட்டில் அதை வாங்கக் கூடிய இன்னொரு ஆள் எனக்குத் தெரியாது, அவராலும் முடியவில்லை, ஆக அதன் விலை என்ன?

இடையில் ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்கவேண்டும் என்று பொலிஸில் கூப்பிட்டு அறையைத் திறந்து காட்டினார்கள். சுவரோரம் பத்திருபது துப்பாக்கிகள், விறகு மாதிரிச் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றிலும் அட்டைத் துண்டு கட்டியிருந்தது. இந்த ஊர் ஈரத்தைச் சொல்லத் தேவையில்லை, வெள்ளிக்கிழமை கழற்றிவைத்த சப்பாத்தில் திங்கட்கிழமை பூஞ்சணம். துரையோட துப்பாக்கியின் குழல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பட்டியோரம் செந்துரு பிடித்திருந்தது. மாவிலைத் தகடு மட்டும் மங்காமல் தெரிந்தது. நான் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தேன், தொடவேண்டாம் என்றார்கள், சரி என்று வைத்துவிட்டேன்.

இதை நான் தம்பிக்குச் சொன்னபோது, அவனுடைய ஆட்டோ-5ஐ இங்கே கொண்டுவந்தால் என்ன விலை போகும் என்று விளையாட்டாகக் கேட்டான். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகைக்குக் கச்சேரியில் லைசன்ஸ் கிடையாது, பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போகவேண்டும். 2024 கடைசியில் அந்த அமைச்சே தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளையெல்லாம் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. 500இல் ஒன்றாக இருந்தாலும், ஐயாயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், சுத்தத் தங்கத்தில் வார்த்ததாக இருந்தாலும், இங்கே அது அட்டைத் துண்டு கட்டிய விறகு.

ஆனால் ஒரு சாமான் விற்றது. துரை கொடுத்தபோது துப்பாக்கியோடு ஒரு தோல் உறையும் இருந்தது, ஆட்டுத்தொடை வடிவத்தில், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கி. தடித்த மாட்டுத்தோல், பித்தளைக் கொக்கி, மூடியில் துரையின் பெயரின் முதல் எழுத்துகள், உள்ளே சிவப்புக் கம்பளித் துணி. பெரியப்பா அதைத் தொட்டதே இல்லை, தோல் கறுத்துவிடும் என்று பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதனால்தான் தப்பியது. அதில் எண் இல்லை, அதற்கு லைசன்ஸ் இல்லை, அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் பார் சுவரை அலங்கரிக்கச் சாமான் தேடிவந்த ஒருவர், கடைக்குள் வந்து நேரே அதைத் தூக்கினார். 48,000 ரூபா. பேரம்கூடப் பேசவில்லை, நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

பெரியம்மாவிடம் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை, முந்தானையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உள்ள ஒன்னுமே இல்லையேப்பா. வெறும் உறைக்கா குடுத்தாங்க?"

தம்பிக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. துப்பாக்கி அவனிடம் இருக்கிறது பெட்டி இல்லை, எங்களிடம் பெட்டி இருந்தது துப்பாக்கி இல்லை என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது, பெட்டியோடு என்றால் எவ்வளவு கூடும் என்று கேட்டான். சுட்ட துப்பாக்கிதான், ஆனாலும் முந்நூறு நானூறு டொலராவது கூடும் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை பேசினான். பழைய முதலாளியின் மனைவிக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறான். பெட்டி இருக்கிறதாம், நத்தார் மரத்து விளக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்களாம், ஒரு மூலை மட்டும் கொஞ்சம் போயிருக்கிறதாம். "ஒரு மூலைக்கு எவ்வளவுண்ணே கொறைப்ப?" என்றான். படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

காலையில் எழும்பிப் பார்த்தால் 23 படம்.